மாரிமுத்து பார்க்காத ஜப்பான்

பென்னலூர் காவேரியின் வாய்க்குப் பூட்டுப் போட அந்த ஊரில் ஒருத்தரும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவள். ஆனாலும் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி முதல் பஞ்சாயத்து கிளார்க் வரை அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். அப்படிப்பட்ட காவேரி ஒரு நாள் வாயடைத்துப் போய் நின்றாள். அது நடந்தது ஜப்பானில். அவளை வாயடைக்க வைத்தது ஒரு காக்காய்.

அவள் புருஷன் மாரிமுத்து ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு வேன் ஓட்டினான். ஸ்ரீபெரும்புதூர் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் ஜப்பான்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் பேக்டரியில் விடுவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். வழியில் லாரி நெரிசலில் வண்டி நிற்கிற நேரத்தில், அரைகுறை இங்கிலீஷில் அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். இவன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, தட்டில் கை வைத்ததும் ஆரம்பிப்பான்.

“அங்க பிளாட்பாரத்துல கோடு போட்டு வெச்சிகிறான் காவேரி. ரயிலு வந்தா, கதவு கரெக்டா அந்தக் கோட்டாண்ட வந்துதான் நிக்குமாம்.”

“நீ வேன் ஓட்றியா, ரீல் ஓட்றியா?”

“பர்ஸ பெஞ்சி மேல வுட்டுட்டு வந்தாக்கூட எவனும் எடுக்க மாட்டானாம்.”

“ஏன், அந்த ஊர்ல எவனுக்கும் கண்ணு தெரியாதா?”

“ரோட்ட தாண்டுற புள்ளைங்க, வண்டிய நிறுத்துனவனுக்குக் குனிஞ்சி வணக்கம் சொல்லிட்டுப் போவுமாம்.”

“சோத்தத் துன்னு. ஆறிப் போவுது.”

மாரிமுத்துவுக்குக் கோபமே வராது. வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்வான்: “நீ போயி பாரு. அப்பால பேசு.”

போய்ப் பார்க்கிற ஆசை அவனுக்குத்தான் இருந்தது. அது நடக்கவில்லை. போன வருஷம் ஐப்பசியில், ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் காத்திருக்கும்போது பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் படுத்தான். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். சாவுக்கு வந்த ஜப்பான்காரர் ஒருத்தர் தெரு முனையிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்து, பிணத்தின் முன்னால் இடுப்பை வளைத்து அப்படியே நின்றார். நிமிரவே காணோம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், எழிலரசி. டிப்ளமோ படித்து, ஒரகடத்திலேயே வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். அப்பன் போன சில மாதத்தில் அவளை ஒரு வருஷ வேலையாக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தலைத் திவசத்துக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. “நீ தனியா கெடக்காதம்மா, இங்க வந்துடு” என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

மாரிமுத்துவின் தம்பி அய்யாத்துரை வாசலில் வந்து நின்று கத்தினான்.

“அண்ணி, தலைத் தெவசத்த வுட்டுட்டு சீமைக்குப் போறியே, ஊர்ல நாலு பேர் இன்னா சொல்லுவான்?”

“நாலு பேருக்கும் நீயே சோறு போட்டு அனுப்பிடு. உங்கண்ணன் சாவுற வரிக்கும் ஜப்பான் ஜப்பான்னு பாடிகினு கெடந்தான். அந்த ஆளுக்குச் சோத்த அங்கயே வெக்கிறேன். காக்காயா வந்து துன்னுட்டு, ஊரயும் ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போவட்டும்.”

வாய் அப்படிப் பேசினாலும் மனதுக்குள் உதைப்புதான். அவ்வளவு தூரம் வருவானா? வழி தெரியுமா? வந்து சோற்றில் வாய் வைப்பானா?

மாடி ரூமில் ஷெர்லின் என்று ஒரு பெண் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பேக்டரியில் லைன் வேலை. டிரெய்னிங்குக்காக ஜப்பான் போய் வந்தவள். காவேரி பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அத்தே, மாங்காயையும் கறிவேப்பிலையையும் எடுத்து வெளிய வைங்க. ஏர்போர்ட்லயே பறிச்சிருவான்.”

“கறியாப்பிலயில இன்னா குண்டா வெச்சிகிறேன்?”

“பூச்சி வந்துரும்னு பயம் அவனுக்கு. இலை, பழம் ஒண்ணும் ஆகாது.”

“அப்ப வாய எலை?”

“அதுவும்தான்.”

“எலையில்லாம எப்டிடி படையல் போட்றது?” என்று முணுமுணுத்துக்கொண்டே காவேரி இலைக்கட்டை வெளியே எடுத்தாள்.

“ஓட்டை இல்லாத சாக்ஸா பாத்து எடுத்துக்கிடுங்க. எங்க போனாலும் செருப்பைக் கழட்டணும். கக்கூசுக்குன்னு தனிச் செருப்பு கிடக்கும், அத வெளிய போட்டுட்டு வந்துராதிய. நான் மொத நாளு அதோட சாப்பிடுற ஹால் வரைக்கும் போயிட்டேன். எல்லாரும் என் காலையே பாக்காவ. ஏதோ கொலுசு நல்லாருக்கு போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

காவேரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கடையில காசைக் கையில நீட்டாதிய. சின்னத் தட்டு ஒண்ணு வச்சிருப்பான். அதுல வைக்கணும்.”

“கோயில்ல அய்யரு தட்டுல போட்ற மாதிரியா?”

“அதே மாதிரிதான். ஆனா இவன் மீதியத் திருப்பித் தந்துருவான். அப்புறம், ரோட்டுல குப்பைத் தொட்டியே இருக்காது. ஒரு கவரு வச்சுக்கிட்டு, குப்பைய அதுல போட்டு வீட்டுக்கே கொண்டு வரணும். ரயில்ல போன் பேசக் கூடாது, சத்தமா சிரிக்கக் கூடாது.”

“பேசாம எப்டிடி ஊர் போறது?”

“அது ஒண்ணுதான் அத்தே உங்களுக்குக் கஷ்டம். கடைசியா இதையும் கேட்டுக்கிடுங்க. சோத்துக் கிண்ணத்துல சாப்பிடுற குச்சிய நட்டு மட்டும் வச்சிராதிய. செத்த வீட்டுல பிணத்துக்கிட்ட அப்படித்தான் சோறு வைப்பாவளாம். நான் தெரியாம நட்டு வச்சிட்டு டீ எடுக்கப் போனேன். எங்க டிரெய்னர் ஓடி வந்து உருவுனாரு.”

“நமக்கு வாய்க்கரிசி மாதிரி அவனுக்கு அது. நான் கையால துன்றவ. எனக்கெதுக்குக் குச்சி?” என்று சொல்லி, காவேரி பெட்டியை மூடினாள். உள்ளே புடவைகளுக்கு நடுவில் மாரிமுத்துவின் போட்டோ இருந்தது. வெள்ளை டிரைவர் சட்டை, மேல் பட்டன் போட்டது.

சிங்கப்பூரில் இறங்கி ஏறி, நகோயாவில் இறங்கினாள். எழிலரசி ரயிலுக்குக் கூட்டிப் போனாள். பிளாட்பாரத்தில் கோடு போட்டிருந்தது. காவேரி வேண்டுமென்றே அந்தக் கோட்டில் சாக்ஸ் போட்ட கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ரயில் வந்தது. நின்றது. கதவு அவள் கட்டை விரலுக்கு நேராகத் திறந்தது.

ஏறி உட்கார்ந்ததும் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பெட்டி நிறைய ஜனம். ஒருத்தர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. காவேரி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். இறங்கி ஸ்டேஷனுக்கு வெளியே வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

“எழிலு, உங்கப்பன் செத்தும் ஜெயிக்கிறான்டி.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மாரிமுத்துதான் ஜெயித்தான். சிக்னல் இல்லாத ரோட்டில் ஒரு கார் நின்றது. முதுகில் பெரிய பையோடு ஒரு பொடிசு கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டியது. அந்தப் பக்கம் போனதும் திரும்பி நின்று, காருக்குக் குனிந்து வணங்கிவிட்டு ஓடியது. காவேரிக்குப் புல்லரித்துப் போனது. அடுத்த கார் நின்றபோது இவளும் கையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். தாண்டியதும், கோயிலில் கும்பிடுகிற மாதிரி கார்க்காரனை ஒரு கும்பிடு போட்டாள். அவன் உள்ளேயிருந்து தலையைக் குனிந்தான். பென்னலூர் மெயின் ரோட்டில் ரோட்டைத் தாண்ட நின்றால் ஹாரன் சத்தமும் வசவும்தான் கிடைக்கும். இங்கே ஒரு மனுஷன் காரை நிறுத்திவிட்டு, கும்பிடுக்கும் பதில் சொல்கிறான்.

பல் செட்டு விஷயம்தான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. ஈறு வலிக்கிறதென்று ஸ்டேஷனில் பல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டவள், டப்பாவைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. “தெவசத்தன்னிக்கு வடைய எப்டிடி கடிப்பேன்?” என்று பொக்கை வாயோடு புலம்பினாள்.

மறுநாள் காலையில் போய்க் கேட்டார்கள். ஸ்டேஷன் ஆபீசில் இருந்த பையன், வெள்ளைக் கையுறை போட்டவன், உள்ளே போனான். மெல்லிய தாளில் சுற்றி, கவரில் போட்டு, சீட்டு ஒட்டிய டப்பாவைக் கொண்டுவந்து, பிரசாதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். முகத்தில் துளி சிரிப்பு இல்லை, அருவருப்பு இல்லை.

காவேரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பர்ஸக்கூட நம்பலாம்டி. பல்லு! ஒரு கெயவி எச்சிப் பல்லு! அதயும் பத்திரமா வெச்சிகினு இருந்திருக்கான் பாரு.” வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ரயிலில் மட்டும் சொல்லவில்லை.

திவசம் வந்தது. எழிலரசி லீவு போட்டிருந்தாள். காவேரி தலைக்குக் குளித்து, சின்ன அடுப்பில் சாம்பார், வடை, பாயசம் எல்லாம் செய்தாள். பச்சைத் தோலோடு ஒரு பூசணிக்காய் கிடைத்தது, அதில் பொரியல். சோறுதான் பிடிக்கவில்லை. அந்த ஊர் அரிசி பசை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அலமாரி மேல் போட்டோவை வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, விபூதி பூசினாள்.

“ம்மா, ஊதுபத்தி ஒண்ணு போதும். மேல மிஷின் கீது, புகை வந்தா கத்தும்.”

“உங்கப்பனுக்கு ஒரு ஊதுபத்திதான் குடுப்பினை போல.”

நடு மதியத்தில் காகிதத் தட்டில் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை எல்லாம் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மாடியிலிருந்து பார்த்தால் கீழே அந்தத் தெரு குப்பை போடுகிற இடம். அதன் மேல் பச்சை வலை கிடந்தது. அது எதற்கென்று காவேரி யோசிக்கவில்லை. தட்டைக் கைப்பிடிக் கட்டை மேல் வைத்துவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

“கா… கா… கா…”

அந்தத் தெரு அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டிருக்காது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

அப்போது அது வந்தது. கரண்ட் கம்பியிலிருந்து இறங்கி, கட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தது. காவேரி ஒரு எட்டு பின்னால் போனாள். பென்னலூர் காக்காய் இதன் பக்கத்தில் குஞ்சு மாதிரி இருக்கும். சேவல் பருமன். கழுத்தில் சாம்பல் நிறமே இல்லை, உடம்பு முழுக்க மினுமினுவென்று ஒரே கறுப்பு. அலகு அரிவாள் மூக்கு மாதிரி தடித்து வளைந்திருந்தது. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அவசரமே படவில்லை.

வாயாடிக் காவேரிக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முனகினாள்: “எழிலு… பாத்தியாடி… ஜப்பானுக்கு வந்ததும் எப்டி பெருத்துட்டான் பாரு உங்கப்பன்…”

காக்காய் ஒரு அடி எடுத்து வைத்தது. அலகைச் சோற்றுக்குக் கொண்டு போனது.

பட், பட், பட் என்று கீழேயிருந்து கைதட்டல். ஒரு கிழவி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். மேலே பார்த்து ஏதோ கத்தினாள். துடைப்பத்தை ஆட்டினாள். காக்காய் இறக்கையை விரித்து, ஒரு பருக்கைகூட எடுக்காமல் பறந்து போய்விட்டது.

எழிலரசி படியிறங்கி ஓடினாள். கீழே அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பதை காவேரி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

“அது கீழ் வூட்டு ஹிகுச்சியம்மா. இங்க காக்காய்க்குச் சோறு வெக்கக் கூடாதாம்மா. கூட்டமா வந்து குப்பைய கிழிச்சிப் போட்டுடும், அதுக்குத்தான் அந்த வலையே. இந்த மாசம் குப்பை எடத்தப் பாத்துக்கிற முறை அவங்களுது. கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் போச்சின்னா, எனக்கப்புறம் வர்றவங்களுக்கு இங்க வூடே தர மாட்டாங்க.”

“செத்தவனுக்குச் சோறு வெச்சதுக்கு கம்ப்ளெய்ன்ட்டா? இன்னாத்துக்கு வெச்சோம்னு சொல்றதுதான?”

“எனக்கு குப்பை போட்ற பேச்சும் மிஷின் பாகத்து பேருங்களும்தான்மா ஜப்பான் பாஷையில தெரியும். தெவசத்துக்கு இன்னா வார்த்தைன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

காவேரி தட்டை உள்ளே எடுத்து வந்து போட்டோ முன்னால் வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“சாப்புடும்மா.”

“காக்கா எடுக்காத சோத்த நான் எப்டி துன்றது? அவன் வாய் வெக்காம எனக்குப் பச்சத் தண்ணி எறங்காது.”

ஷெர்லின் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பைச் சொன்னாள், குப்பையைச் சொன்னாள், காசைத் தட்டில் வைப்பதைச் சொன்னாள். காக்காயைச் சொல்லவில்லை. அவள் எப்படிச் சொல்வாள்? கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள். காக்காய்க்குச் சோறு வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அவளைத் திட்டவும் முடியவில்லை.

வெயில் சுவரில் ஏறியது. வடை ஆறிப் போனது. எழிலரசியும் சாப்பிடவில்லை. எதிர்க் கம்பியில் அந்தக் காக்காய் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கிட்ட வந்த ஆளை விரட்டி அனுப்பிவிட்டோமே என்று நினைக்க நினைக்க காவேரிக்கு அழுகை வந்தது. சாவன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் மகளின் சாப்பாட்டுக் குச்சிகள் கண்ணில் பட்டன.

கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, இரண்டு குச்சியையும் நடுவில் நட்டாள். நம் ஊர்ப் பொன்னி என்றால் சாய்ந்திருக்கும். அந்தப் பசைச் சோற்றில் குச்சிகள் நட்ட கம்பம் மாதிரி நின்றன.

“ம்மா! அப்டி வெக்கக் கூடாது!”

“துன்றவன் வெக்கக் கூடாது. செத்தவனுக்கு வெக்கலாம். ஷெர்லின் சொன்னா. உங்கப்பன் ஜப்பான்காரனோட பொயங்குனவன், புரிஞ்சிப்பான்.” கிண்ணத்தைப் போட்டோ முன்னால் வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மணி அடித்தது. வாசலில் ஹிகுச்சியம்மா. காவேரி வயசுதான் இருக்கும், ஒல்லி உடம்பு. கையில் தக்காளி மாதிரி மஞ்சள் கலந்த சிவப்பில் பழங்கள், ஒரு பையில். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் குனிந்து பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். எழிலரசியின் தோளுக்கு மேல் அவள் கண் உள்ளே போயிருந்தது. கிண்ணத்தையும் நட்ட குச்சிகளையும் பார்த்தாள். போட்டோவையும் மாலையையும் பார்த்தாள்.

பழப் பையைக் கீழே வைத்தாள். உள்ளே வரலாமா என்று கையால் கேட்டாள். செருப்பைக் கழற்றி, திருப்பி வாசலைப் பார்க்க வைத்துவிட்டு வந்து, மாரிமுத்துவின் முன்னால் மண்டியிட்டாள். கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள். சாவு வீட்டில் அந்த ஜப்பான்காரர் நின்ற மாதிரியே இருந்தது. நிமிரவே காணோம்.

நிமிர்ந்தவள் ஏதோ கேட்டாள்.

“எப்போன்னு கேக்குறாங்கம்மா.”

“இன்னியோட வருசம் ஒண்ணு ஆச்சின்னு சொல்லு.”

எழிலரசி சொன்னாள். ஹிகுச்சியம்மா தன் நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டி, தனக்கும் அப்படித்தான் என்பது போல் தலையசைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திவச நாளில் வீட்டுக்கு வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? காவேரி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். படையல் சோற்றிலிருந்தே எடுத்துப் பரிமாறினாள். ஹிகுச்சியம்மா சோற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். வடையை முகர்ந்து பார்த்துக் கடித்தாள். கண் விரிந்தது. சாம்பாரை ஸ்பூனில் எடுத்துக் குடித்து, இருமி, சிரித்து, மறுபடியும் குடித்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

காவேரி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழிலு… காக்காய வெரட்டுனவளே காக்காயா வந்து குந்திகினு துன்றாடி.”

எழிலரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை. ஹிகுச்சியம்மா என்ன என்ன என்று கேட்டாள். மிஷின் பாகங்களின் பெயரை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? எழிலரசி போட்டோவைக் காட்டினாள். இரண்டு கையையும் இறக்கை மாதிரி அடித்தாள். “கா, கா” என்றாள். பால்கனியைக் காட்டினாள், சோற்றைக் காட்டினாள், மறுபடியும் போட்டோவைக் காட்டினாள்.

ஹிகுச்சியம்மாவின் வாய் மெல்லத் திறந்தது. “கா…” என்றாள் அவளும். அந்த ஊரிலும் காக்காய் அப்படித்தான் கத்துகிறது. மதியம் தான் விரட்டியது யாரை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோ பக்கம் திரும்பி, நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

“போதும் எழுந்திரும்மா, அந்த ஆளுக்குக் கோவமே வராது” என்று காவேரி தமிழிலேயே சொல்லி அவளைத் தூக்கினாள். பிறகு தனக்கும் மகளுக்கும் தட்டு போட்டாள். பல் செட்டை மாட்டிக்கொண்டு முதல் வடையைக் கடித்தாள்.

மறுநாள் காலை தெருக்காரர்கள் குப்பை மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஹிகுச்சியம்மா வலையின் ஒரு முனையைப் பிடித்தாள். காவேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மூட்டைகளை மூடி, ஓரத்தில் கல் வைத்தார்கள்.

கம்பி மேலிருந்து அந்தப் பெரிய காக்காய் கத்தியது.

காவேரி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னா சவுண்டு? நேத்துதான துன்ன? போ, போயி ஊரச் சுத்திப் பாரு.”